கத்திரி வெயிலும் இன்சுலின் பம்பும்: சிரசுத் திருவிழாவுக்குக் கழற்றிவிட்டுப் போகலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். என் 13 வயது மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். நான்கு மாதமாக இன்சுலின் பம்ப் (தோலில் குத்திய மெல்லிய குழாய் வழியாக நாள் முழுக்க இன்சுலின் செலுத்தும் சின்னக் கருவி) போட்டிருக்கிறான். வெயில் ஆரம்பித்ததிலிருந்து வியர்வையில் பிளாஸ்டர் பிய்ந்து வருகிறது. சில நாள் மத்தியானம் சுகர் 300-ஐத் தாண்டுகிறது, பம்பில் கொடுத்தும் இறங்குவதில்லை. வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கூட்டத்தில் ட்யூப் மாட்டி அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அன்று ஒரு நாள் மட்டும் கழற்றி வைக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. குளிக்கும்போது கழற்றுவது போல ஒரு மணி நேரம் வரை பரவாயில்லை. நாள் முழுக்கக் கழற்றுவதாக இருந்தால், அதற்குப் பதிலாக என்ன ஊசி, எத்தனை யூனிட் என்று உங்கள் டாக்டர் எழுதித் தந்திருக்க வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். முன்பு ஊசி போட்டபோது, நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் எப்போதும் உடம்பில் இருப்பாக இருந்தது. பம்பில் அந்த இருப்பு கிடையாது. உள்ளே போவது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும்தான். அது நின்றால் சில மணி நேரத்திலேயே கீட்டோன், அதாவது இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம், ரத்தத்தில் சேரத் தொடங்கிவிடும். வயிறு வலிக்கும், வாந்தி வரும், மூச்சு வாங்கும். 'வெயில் ஒத்துக்கல, மோர் குடிச்சுட்டுப் படு' என்று நாம் விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. பம்ப் போட்ட பிள்ளை வாந்தி எடுத்தால், வெயிலைச் சந்தேகப்படும் முன் கீட்டோனைப் பாருங்கள்.

மத்தியானம் ஏறும் அந்த 300-க்கு வருவோம். 250-க்கு மேல் இருந்து, பம்பில் கொடுத்தும் ஒரு மணி நேரத்தில் அசையவில்லை என்றால், பம்பில் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பயனில்லை. குத்தியிருக்கும் இடத்தில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். இன்சுலினில் சேர்த்திருக்கும் பதப்படுத்தும் மருந்துக்கு ஆஸ்பத்திரி வாசனை உண்டு. அது அடித்தால் இன்சுலின் உள்ளே போகாமல் வெளியே கசிகிறது என்று அர்த்தம். கேனுலாவை (தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய குழாயை) எடுத்தால் நுனி மடங்கியிருப்பதையும் பல நேரம் பார்க்கலாம். அப்போது டாக்டர் சொன்ன அளவைப் பென்னில் (பேனா வடிவ இன்சுலின் ஊசியில்) போடுங்கள். பிறகு புது செட் (ட்யூபும் கேனுலாவும் சேர்ந்தது), புது இன்சுலின், புது இடம். ரத்தத்தில் கீட்டோன் 1.5-ஐத் தாண்டினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கேனுலா சரியாக இருந்தால் சந்தேகம் இன்சுலின் மேல். பம்பில் இருக்கும் இன்சுலின் 37 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. வேலூர்ப் பக்கம் மே மாத வெயில் 40-ஐத் தாண்டுவது நமக்குப் புதிதில்லை. பைக்கில் போகும்போது சட்டைக்கு வெளியே தொங்கும் பம்ப் நேராக வெயில் வாங்கும். பருத்தித் துணிப் பையில் போட்டு உள்ளே இடுப்போடு கட்டிவிடுங்கள். கத்திரி முடியும்வரை மூன்று நாளுக்கு நிரப்பாமல், இரண்டு நாளுக்கு மட்டும் நிரப்புங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்கவே வேண்டாம், உறைந்த இன்சுலின் வீண். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ரிசர்வாயரில் (பம்பில் இன்சுலின் நிரப்பும் குப்பியில்) ஏற்றினால், சூடாகும்போது காற்றுக் குமிழி வரும். கொஞ்ச நேரம் வெளியே வைத்து ஏற்றுங்கள். கரண்ட் போகும் நாளில், உபயோகத்தில் இருக்கும் பாட்டிலை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடி, பானைக்குள் பானை வைத்து இடையில் ஈர மணல் நிரப்பிய ஏற்பாட்டில் வைக்கலாம். டப்பாவுக்குள் ஈரம் போகாமல் இருந்தால் போதும்.

பிளாஸ்டர் பிய்வதற்குப் பெரும்பாலும் தேங்காயெண்ணெயும் பவுடரும்தான் காரணம். சோப்பு போட்டுக் கழுவி, மின்விசிறிக்கு அடியில் நன்றாகக் காயவிட்டு, ஸ்வாபால் (ஸ்பிரிட் பஞ்சால்) துடைத்து, அதுவும் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். ட்யூபை ஒரு சின்ன வளையமாக மடித்து அதன்மேல் தனியாக ஒரு டேப் போட்டால், கூட்டத்தில் யாராவது இழுத்தாலும் அந்த இழுப்பு கேனுலா வரை போகாது.

திருவிழாவுக்குக் கிளம்பும் அவசரத்தில் செட் மாற்றாதீர்கள். முந்தின நாள் காலையிலேயே மாற்றி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துச் சுகர் பார்த்து, வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விடுங்கள். கூட்டத்துக்கு இடுப்பின் பின்பக்கம் நல்லது, முட்டி மோதினாலும் அடிபடாது.

சிரசு பார்க்க வெயிலில் நின்று நடக்கும்போது சுகர் இறங்கவும் செய்யும். சூட்டில் இன்சுலின் ரத்தத்தில் வேகமாகக் கலக்கும். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வழியில் தரும் பானகமும் அந்த நேரத்துக்கு உதவும். சுகர் சரியாக இருக்கும்போது குடித்தால் அதற்கும் இன்சுலின் கணக்குப் போட வேண்டும். பையில் பென், கீட்டோன் ஸ்ட்ரிப், ஒரு புது செட், பேட்டரி எல்லாம் இருக்கட்டும். பை அவன் கூடவே வரும் மாமாவிடமோ அண்ணனிடமோ இருக்க வேண்டும், வீட்டில் இல்லை.

அன்று ராத்திரி 2 மணிக்கு எழுந்து ஒரு தடவை சுகர் பார்த்துவிடுங்கள். நிறைய நடந்த நாளில் தூக்கத்தில்தான் இறங்கும்.