காரைக்குடி மாமரத்தில் கல்பாசி வளர்க்க முடியுமா? நிழலும் தண்ணீரும் கொடுத்தால் போதாதா?

சமையலுக்குப் போடும் கல்பாசியைத்தான் கேட்கிறீர்கள் என்றால், முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் காய்ந்ததும் பட்டை, சோம்போடு எங்கள் அப்பத்தா இரண்டு இதழ் கல்பாசி போடுவார். வாசம் முகப்பு வரைக்கும் வந்துவிடும். பெயரில் பாசி இருந்தாலும் அது லைக்கன், அதாவது ஒரு பூஞ்சையும் நுண்பாசியும் ஒட்டி வாழும் உயிர் என்று பின்னாளில் படித்தேன். ஆசை வந்துவிட்டது. கொடைக்கானலில் ஒடிந்து விழுந்து கிடந்த ஒரு கிளையைக் கொண்டுவந்து, பாதியைக் கிணற்றடி மாமரத்தின் அடர்ந்த நிழலிலும் மீதியைக் கொல்லையில் வெயில் படும் வேம்பிலும் கட்டினேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். வேம்பில் இருந்தது வெளுத்து நொறுங்கியது. அதை எதிர்பார்த்ததுதான். ஆனால் நிழலில், ஈரத்தில் இருந்ததும் ஒரு மாதத்துக்குள் பழுப்பாகி, கொழகொழத்து உதிர்ந்தது. மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. லைக்கனுக்கு வேர் கிடையாது. மழை, பனி, மூடுபனி என எது வந்தாலும் உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்ளும். காற்று காய்ந்தால் தானும் காய்ந்து உறங்கிவிடும், அதனால் சாகாது. ஈரமாக இருக்கும் நேரத்தில் வெளிச்சமும் கிடைத்தால்தான் உணவு தயாரிக்க முடியும். இங்கேதான் மரக்கூரையின், அதாவது மேலே கிளையும் இலையும் கூடி விரியும் பரப்பின் சிக்கல். கூரை அடர்ந்தால் ஈரம் நிற்கும், வெளிச்சம் குறையும். திறந்தால் வெளிச்சம் வரும், ஈரம் பறந்துவிடும். மலைச் சோலைகளில் மூடுபனி தவழும் மேல்கிளைகளிலும் சோலை ஓரங்களிலும் இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன. எப்போதும் ஊறிக்கொண்டே இருந்தாலும் ஆகாது, கரியமில வாயு உள்ளே போக வழி அடைபட்டுவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை நம் ஊர் இரவு. இருட்டில் ஈரமாக இருக்கும் லைக்கன் சுவாசித்துக்கொண்டே இருக்கும், பகலில் சேர்த்ததைச் செலவழிக்கும். மலையில் 2,000 மீட்டர் உயரத்துக்கு மேலே இரவு குளிர், செலவு கொஞ்சம்தான். இங்கே இரவிலும் புழுக்கம். நான் அக்கறையாக மாலையில் தெளித்த தண்ணீரே அதைப் பட்டினி போட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆனால் நம் ஊரில் லைக்கனே இல்லை என்று எண்ண வேண்டாம். மாமரம், தென்னை அடிமரத்தில் வெள்ளையும் சாம்பலுமாக வட்ட வட்டமாக ஒட்டியிருக்கிறதே, அவற்றில் பலவும் லைக்கன்தான். பட்டையோடு பட்டையாகப் படிந்து வளரும் வகை, குழம்புக்கு உதவாது. மரநோய் என்று நினைத்துச் சுரண்டிவிடுகிறார்கள், தயவுசெய்து சுரண்டாதீர்கள். அது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. உள்ளங்கை அளவு வட்டம் வர எத்தனையோ வருடங்கள் ஆகும்.

கார்த்திகை மழை விட்ட காலையில் போய்ப் பாருங்கள். வெளுத்துக் கிடந்த வட்டங்களில் சில பச்சை காட்டும். வெயில் ஏறியதும் மறுபடி வெளுத்துவிடும்.