கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் வீரர் பெயருக்குப் பக்கத்தில் வரும் எழுத்துகளை எப்படிப் படிப்பது?

கியூபி, ஓஎல்பி, எஃப்எஸ் என்று நீளும் பட்டியலை மனப்பாடம் செய்ய முயன்று அலுத்துப்போனதாக எழுதியிருக்கிறீர்கள். மனப்பாடமே வேண்டாம். கடைசி எழுத்திலிருந்து படியுங்கள். பெரும்பாலும் அது வீரரின் வேலையைச் சொல்லிவிடும். முன்னால் வரும் எழுத்துகள் அவர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கத்து ஆள் என்பதைச் சொல்லும்.

பந்து வைக்கப்பட்ட இடத்தில் இரண்டு அணிகளும் நேருக்கு நேர் நிற்கின்றன, பக்கத்துக்கு 11 பேர். யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் முயற்சியால் 1880-இல் வந்த ஏற்பாடு இது. அந்தக் கோட்டை ஒட்டிக் குனிந்து நிற்பவர்கள் ஒரு கூட்டம், அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் இன்னொரு கூட்டம். சுருக்கம் 'பி'யில் முடிந்தால் ஆள் பின்னால் நிற்பவர். கியூபி (குவாட்டர்பேக், பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்), ஆர்பி (ரன்னிங் பேக்), எஃப்பி (ஃபுல்பேக்) ஆகியோர் தாக்கும் அணியினர். எல்பி (லைன்பேக்கர்), சிபி (கார்னர்பேக்) இருவரும் தடுக்கும் அணியினர்.

கோட்டில் நிற்பவர்களில் டேக்கிள் இரண்டு அணியிலும் உண்டு. அதனால்தான் ஓடி, டிடி என்று முன்னெழுத்து சேர்க்கிறார்கள். முன்னது தாக்கும் அணியின் டேக்கிள், பின்னது தடுக்கும் அணியின் டேக்கிள். எண்ட் என்பவரும் இரண்டு பக்கமும் உண்டு. டைட் எண்ட், டிஃபென்சிவ் எண்ட் இரண்டையும் தமிழில் சுருக்கினால் ஒரே எழுத்தாகிவிடும் என்பதால் முழுப்பெயரிலேயே சொல்கிறேன். டைட் எண்ட் டேக்கிளுக்குப் பக்கத்தில் நின்று எதிரியைத் தடுக்கவும் செய்வார், பந்தைப் பிடிக்கவும் ஓடுவார்.

சறுக்கும் இடங்கள் சில உண்டு. ஓஎல்பி-யில் உள்ள 'ஓ' தாக்குதலைக் குறிப்பதில்லை, வெளிப்புறத்தைக் குறிக்கிறது. அவர் வெளிப்புற லைன்பேக்கர், முழுக்கத் தடுப்பாட்டக்காரர். எஃப்எஸ் (ஃப்ரீ சேஃப்டி), எஸ்எஸ் (ஸ்ட்ராங் சேஃப்டி) இரண்டும் கடைசி வரிசைக் காவலரான சேஃப்டியைக் குறிக்கும். ஆனால் எல்எஸ் சேஃப்டி அல்ல, உதை ஆட்டங்களில் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் எறியும் லாங் ஸ்னாப்பர். பிகே என்றால் தரையில் நிறுத்திய பந்தை உதைப்பவர். கையிலிருந்து விட்டு உதைக்கும் பண்ட்டருக்கு வெறும் 'பி' (ஆங்கில P, மேலே சொன்ன B அல்ல).

எல்டி, ஆர்டி என்ற இரண்டையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், தாக்கும் அணியின் இடது டேக்கிள், வலது டேக்கிள். வலக்கைக் குவாட்டர்பேக் பந்தை வீசத் திரும்பும்போது அவருடைய முதுகு இடப்பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்து வருபவரை அவரால் பார்க்க முடியாது. ஆகவே பெரும்பாலான அணிகள் குவாட்டர்பேக்கைக் காப்பவர்களில் சிறந்தவரை எல்டி இடத்தில் நிறுத்துகின்றன. 2018, 2019-இல் அலபாமா பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் டுவா டாகோவைலோவா இடக்கைக்காரர். அவருடைய முதுகைக் காத்தவர் ஆர்டி என்று பட்டியலில் இருந்த ஜெட்ரிக் வில்ஸ். பட்டியலில் 'ஆர்' என்று ஒரே ஒரு எழுத்துதான், ஆனால் குவாட்டர்பேக்கின் கை எது என்று தெரிந்தால்தான் அந்த எழுத்தின் கனம் தெரியும். எனக்கு இந்த ஆட்டத்தின் மீது பிடிப்பு வந்ததே இதைப் போன்ற நுணுக்கங்களால்தான்.

கல்லூரி ஆட்டத்தில் இன்னொரு அடுக்கும் உண்டு. பயிற்சியாளர்கள் சொந்தமாகப் பெயர் வைத்துக்கொள்வார்கள். மைக், சாம், வில் என்பவை ஏறக்குறைய எல்லாருக்கும் பொது. நடு லைன்பேக்கர் மைக், டைட் எண்ட் நிற்கும் பக்கத்தவர் சாம், எதிர்ப்பக்கத்தவர் வில். அதற்குமேல் ஒவ்வொரு கல்லூரியும் தனி வழி. பயிற்சியாளர் நிக் சேபன் காலத்து அலபாமாவில் ஐந்தாவது பின்காவலர் 'ஸ்டார்', ஆறாவது 'மணி', குவாட்டர்பேக்கை நோக்கிப் பாயும் வெளி லைன்பேக்கர் 'ஜாக்'. நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் 'ரோவர்' என்று ஓர் இடம் இருந்தது. அங்கே ஆடிய ஜெரமையா ஓவூசு-கோராமோவா 2020-இல் நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதைப் பெற்றார். ஆனால் அவர் அடிக்கடி நின்றது கோட்டின் ஓரத்துக்கும் தள்ளி, பந்து பிடிக்க ஓடுபவருக்கு எதிரே. இப்படி ஒரு பெயர் கண்ணில் பட்டால் அகராதியில் தேடாதீர்கள். ஸ்னாப்புக்கு, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்குவதற்கு, முன் அவர் யாருக்கு எதிரே நிற்கிறார் என்று பாருங்கள், வேலை புரிந்துவிடும்.

உயர்நிலைப் பள்ளியிலிருந்து வரும் மாணவர்களின் தரப்பட்டியலில் ஏடிஹெச் என்றும் வரும். நல்ல விளையாட்டு வீரர், எந்த இடத்தில் ஆடுவார் என்பது இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். சிலர் கல்லூரியிலும் ஒரே இடத்தில் அடங்குவதில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் டிராவிஸ் ஹண்டர் டபிள்யூஆர் (வைட் ரிசீவர்) ஆகப் பந்தைப் பிடித்தார், சிபி ஆக எதிரணியின் டபிள்யூஆரையும் மறித்தார். 2024-இல் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் வென்றார்.

ஆட்டம் பார்க்கும்போது சட்டை எண்ணையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாக்கும் அணியில் 50 முதல் 79 வரை எண் அணிந்தவர் பொதுவாகக் கோட்டுக்காரர், முன்னோக்கி வீசும் பந்தைப் பிடிக்க அவருக்கு உரிமை இல்லை. ஆனால் எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. கல்லூரி அணிகளில் ஆள் அதிகம் என்பதால் இருவர் ஒரே எண்ணை அணியலாம், ஒரே நேரத்தில் களத்தில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். பட்டியலில் 5 என்ற எண் இரண்டு முறை இருந்து, ஒன்றுக்கு நேரே டபிள்யூஆர், மற்றதற்கு நேரே சிபி என்றிருந்தால், அணி தாக்கும்போது ஓடுபவர் முதலாமவர், தடுக்கும்போது ஓடுபவர் இரண்டாமவர்.