முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட எனக்குத் தகுதி இருக்கிறதா?

கேள்வி: கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறேன். இரண்டாம் வருடம். சொந்த ஊர் ஹட்டன் பக்கம். இப்போது வெள்ளவத்தையில் போர்டிங். புதிதாக வரும் முதலாம் வருட மாணவர்களுக்கு வழிகாட்டிகளாக இருக்க விரும்புகிறவர்களிடம் எங்கள் பீடத்தில் பெயர் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு ஏழெட்டுப் பேர் கொண்ட குழு கொடுப்பார்களாம். எனக்கு ஆசைதான். ஆனால் முதல் வருடத்தில் கணக்கீட்டில் பெயில். இன்னும் ரிப்பீட் எழுதவில்லை. ஆங்கிலமும் தட்டுத்தடுமாறித்தான். "உனக்கே ஒரு ஆள் தேவை, நீ வழிகாட்டப் போறியா?" என்று அறைத்தோழி சிரிக்கிறாள். எங்கள் பெட்ச்சில் சிலர், "ஜூனியர்களைக் கெடுக்கப் போறியா?" என்று முறைக்கிறார்கள். பெயர் கொடுக்கலாமா? அப்புறம், இதை சிவியில் போட முடியுமா?
(பெயர் வேண்டாம், கொழும்பு 6)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

பெயரைக் கொடுங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன் பீடத்தில் கேட்க வேண்டியது ஒன்றிரண்டு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் குழுவுக்கு வரப்போகும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்காகக் காத்திருந்து, ஒருநாள் காலையில் ஆங்கில விரிவுரையில் போய் உட்காருவார்கள். விரிவுரையாளர் ஒரு பகிடி சொல்வார். முன்வரிசை சிரிக்கும். இவர்களும் சிரிப்பார்கள், ஆனால் என்ன பகிடி என்று விளங்கியிருக்காது. அதைப் போய் விரிவுரையாளரிடம் சொல்ல முடியுமா? எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்த சீனியரிடம் சொல்லவும் வெட்கம். கணக்கீட்டில் பெயிலாகி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கும் ஒரு அக்காவிடம் தயங்காமல் சொல்லலாம்.

ஆகவே அந்தப் பெயிலை மறைக்காதீர்கள். ரிப்பீட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெரும்பாலும் சி தரத்துக்கு மேல் கிடைக்காது என்பதும், பல பீடங்களில் 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கே விடமாட்டார்கள் என்பதும் மாணவர் கையேட்டில் அச்சிட்டுத்தான் இருக்கிறது. கையேட்டை யார் வாசிக்கிறார்கள்? நீங்கள் வாயால் சொன்னால் கேட்பார்கள். கணக்கீட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதற்குக் குப்பி (மாணவர்களே மாணவர்களுக்கு எடுக்கும் வகுப்பு) எடுக்கக்கூடிய கெட்டிக்காரர்கள் பெட்ச்சில் இருப்பார்கள். பிள்ளைகளை அவர்களிடம் கொண்டுபோய் விட்டால் போதும். அறைத்தோழி சிரித்துவிட்டுப் போகட்டும்.

பெட்ச்சில் முறைக்கிறார்களே, அதை அப்படி விட்டுவிட முடியாது. நமது பல்கலைக்கழகங்களில் சீனியரின் உதவிக்கு வெகுகாலமாக ஒரு விலை இருந்துவருகிறது. தலையைக் குனி, சொன்ன உடுப்பைப் போடு, சொன்ன இடத்தில் நில். பிறகுதான் நோட்ஸ், பிறகுதான் குப்பி. இணங்காதவர்களை ஒதுக்கிவைப்பார்கள், எதற்கும் கூப்பிடமாட்டார்கள். 'கெடுப்பது' என்று உங்கள் நண்பர்கள் சொல்வது இதைத்தான்: விலை வாங்காமல் கொடுப்பதை. நீங்கள் செய்யப்போகும் வேலையின் முக்கால்வாசியும் அதுவேதான்.

அவர்களோடு வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். இந்தப் பகிடிவதை (ராகிங்) இங்கே விளையாட்டுக் காரியமாக இருந்ததில்லை. பேராதனையில் பொறியியல் படிக்கப் போன வரப்பிரகாஷ் என்ற மாணவன் 1997இல் அதனால் இறந்தான். அடுத்த வருடமே, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்தால் இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ பாரதூரமான காயமோ என்றால் பத்து வருடம் வரை. நண்பர்கள் மிரட்டும் தொனியில் பேசினால் இதை ஒருமுறை சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

இந்தப் பின்னணி தெரிந்தால், முதல் சந்திப்பை எப்படி நடத்துவது என்பது தானாகவே விளங்கும். "எழும்பி நின்று பேர், ஊர், பாடசாலை சொல்லுங்க" என்று தொடங்கிவிடாதீர்கள். பகிடிவதையும் அப்படித்தான் தொடங்கும். பாவம், பிள்ளைகள் வெலவெலத்துப் போவார்கள். நீங்கள் முதலில் உட்காருங்கள், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில் சந்தியுங்கள். போர்டிங்குக்கோ விடுதி அறைக்கோ யாரையும் கூப்பிட வேண்டாம். வட்ஸ்அப் குழு ஆரம்பித்தால், இரவில் இத்தனை மணிக்குப் பிறகு அவசரம் என்றால் மட்டும் எழுதுங்கள் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் உங்கள் தூக்கம் போய்விடும்.

குழுவில் சிங்களப் பிள்ளைகளும் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களமும் அவர்களுக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலமும் சேர்ந்தால் வேலை நடக்கும். தமிழ்ப் பிள்ளைகள் தனியாக ஒரு மூலையில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்தால் மெதுவாகப் பிரித்துவிடுங்கள். குழு ஒப்படைகளில் மற்றவர்களோடு சேர்ந்தவர்களுக்குத்தான் ஆங்கிலமும் சிங்களமும் சீக்கிரம் பிடிபடும்.

முதல் இரண்டு வாரம் எல்லோரும் உற்சாகமாகத்தான் இருப்பார்கள். மூன்றாவது நாலாவது வாரம்தான் கவனம். வழக்கமாகப் பதில் எழுதும் பிள்ளை எழுதாமல் விடும், வெள்ளிக்கிழமை விரிவுரையை விட்டுவிட்டு வியாழன் இரவே ஊருக்கு பஸ் ஏறும், பகலில் சாப்பிடாது. சாப்பிடாததற்குப் பெரும்பாலும் காசுதான் காரணம். மகாபொல புலமைப்பரிசில் தொகையை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகக் கூட்டினார்கள், நல்லது. ஆனால் வெள்ளவத்தையில் ஒரு கட்டிலுக்கு என்ன வாடகை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பணமும் முதலாம் வருடத்தில் கைக்கு வந்துசேர மாதங்கள் ஆகிவிடுகின்றன. நீங்கள் கடன் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அந்தப் பிள்ளை அடுத்த வாரமே உங்களைக் கண்டு ஒளிக்கத் தொடங்கும். மாணவர் நலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய், நிதியுதவிப் படிவத்தை எடுத்து, பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுங்கள். படிவத்தில் எந்தப் பெட்டியில் என்ன எழுதுவது என்று தெரியாமலே விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒப்படையை எழுதிக் கொடுக்கும்படியும் கேட்பார்கள். மாட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், போதும்.

ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்து, "அக்கா, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்க" என்று கேட்டால் அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள். "உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ஒருவரிடம் சொல்லுவேன், யாரிடம் என்பதை உனக்குச் சொல்லிவிட்டுத்தான் சொல்லுவேன்" என்று முதலே சொல்லிவிடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் தனியாகத் தாங்க முயல வேண்டாம். பிள்ளையைத் தனியே விடாமல் மாணவ ஆலோசகரிடம் கூட்டிப்போங்கள்; அலுவலக நேரம் தப்பிவிட்டால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம் அது.

இதைவிடவும் சங்கடமானது, உங்கள் பெட்ச் பையன் ஒருவனே பகிடிவதை செய்கிறான் என்று ஜூனியர் ஒருத்தி வந்து சொல்வது. நிச்சயம் வரும். அவனிடம் நேரே போய்க் கேட்காதீர்கள். அன்று மாலையே யார் சொன்னது என்று தேடுவான், அடி அந்தப் பிள்ளைக்குத்தான் விழும். வட்ஸ்அப்பில் பெயர் போடவும் வேண்டாம். என்ன நடந்தது, எப்போது, எங்கே என்று அவளையே எழுதிவைக்கச் சொல்லுங்கள். போனில் வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பிறகு அவள் சம்மதத்தோடு மாணவ ஆலோசகரிடம் போங்கள். அங்கே மூடிமறைக்கப் பார்த்தால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். இதனால் இரண்டொரு நண்பர்களை நீங்கள் இழக்கக்கூடும். அதற்கும் தயாரா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். தயாரில்லை என்றால் இந்த வருடம் பெயர் கொடுக்காமல் விடுவதில் ஒரு தவறும் இல்லை.

சரி, பீடத்தில் கேட்க வேண்டியவை. பிரச்சினை வந்தால் நீங்கள் போக வேண்டிய விரிவுரையாளர் யார்? பொறுப்பானவர் ஒருவர் இல்லாமல் 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விடும் திட்டமாக இருந்தால் சேராதீர்கள். அடுத்தது, உங்கள் ரிப்பீட் பரீட்சை எந்த மாதம்? குழுவின் முதல் வாரங்களோடு மோதினால், ஏழெட்டுப் பேர் வேண்டாம், நாலு பேர் தாருங்கள் என்று கேளுங்கள். தயங்க வேண்டாம், கொடுப்பார்கள்.

சிவியில் தாராளமாகப் போடலாம். 'தலைமைத்துவப் பண்பு மிக்கவர்' என்ற பாணியில் எழுதாமல், எந்த வருடம், எத்தனை மாணவர்கள், என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரியில் எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் அதைப் பற்றிக் கேட்டால் நிதியுதவிப் படிவம் நிரப்பிய கதையைச் சொல்லுங்கள்.