புதிய இறக்குமதி டீசல் பிக்கப் அன்றாட வேலைக்குச் சரிப்பட்டு வருமா?

உங்கள் ஓட்டத்தைப் பொறுத்தது. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் சீராக ஓடுமென்றால் தாராளமாக யோசிக்கலாம். ஐந்து, பத்து கிலோமீட்டர் என்று ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டி என்றால் பெட்ரோல் போதும். காரணம், சைலன்சர் குழாயில் புகைக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி. அதில் படியும் கரி எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதற்காகப் பல இன்ஜின்கள் சிலிண்டருக்குள் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். கரி எரிந்து முடியுமுன் அடிக்கடி இன்ஜினை அணைத்தால் கரி தேங்கும், எரியாத டீசலும் ஆயிலில் கலந்து சேரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் மகிழாதீர்கள், ஆயிலை மாற்றுங்கள்.

விளம்பரத்தில் '3500 கிலோ இழுக்கும், 1000 கிலோ சுமக்கும்' என்றிருக்கும். பெரும்பாலும் இரண்டும் ஒருசேர நடக்காது. டிரெய்லர் எடையில் சுமார் 10 சதவீதம், அதாவது 350 கிலோ, கொக்கியில் இறங்கும். அதுவும் வண்டியின் சுமைக் கணக்குதான். ஐந்து பேர் ஏறினால் மிச்சம் சொற்பம்.

முன்பணம் கட்டுமுன் ஹெட்லைட், முன்கண்ணாடி, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மூன்றுக்கும் விலையும் வந்துசேர எத்தனை நாளாகும் என்பதும் கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் ஓராண்டு பொறுப்பது நல்லது.