கடல் பார்க்கக் கடன் எதற்கு?

கேள்வி: எங்களுக்கு ராணிப்பேட்டை. கணவர் தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். இருவர் வருமானமும் சேர்த்து மாதம் 36,000 ரூபாய். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். பிள்ளைகள் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. அரையாண்டு விடுமுறைக்கு மாமல்லபுரம், புதுச்சேரி என்று மூன்று நாள் கூட்டிப்போக ஒரு டிராவல்ஸில் கேட்டோம். கார், ரிசார்ட், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஐந்து பேருக்கு 40,000 ரூபாய், தவணையில் கட்டலாம் என்கிறார்கள். கையில் 7,000 இருக்கிறது. செலவு போக மாதம் 3,000 மிஞ்சும். தபால் அலுவலக ஆர்டியில் மாதம் 1,500 வீதம் 20 மாதமாகக் கட்டியிருக்கிறேன். அதை எடுத்துவிடலாமா, இல்லை தவணைக்கே போகலாமா? பக்கத்து வீட்டு அக்கா நடத்தும் டூர் சீட்டில் சேரவும் கூப்பிடுகிறார்கள்.

பதில்: பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்று நினைத்தீர்களே சகோதரி, அது வீண் செலவே இல்லை. அவசியம் போய் வாருங்கள். ஆனால் நீங்கள் கேட்ட மூன்று வழியும் வேண்டாம். ராணிப்பேட்டையிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 115 கிலோமீட்டர்தான். கடன் வாங்கிக்கொண்டு போகும் தூரத்தில் கடல் இல்லை.

முதலில் தவணையைப் பார்ப்போம். 40,000 ரூபாயை ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் 12 மாதத் தவணையாக எடுத்தால் மாதம் 3,667 ரூபாய் கட்ட வேண்டும். உங்களுக்கு மிஞ்சுவதே 3,000. முதல் மாதமே 667 ரூபாய் துண்டு விழும். அதைச் சமாளிக்கக் கைமாற்று, அப்புறம் நகை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். வருட முடிவில் 44,000 கட்டியிருப்பீர்கள். செயலாக்கக் கட்டணம் இருந்தால் அது தனி. வட்டியாகப் போகும் அந்த 4,000 ரூபாய், நான் கீழே சொல்லப்போகும் பயணச் செலவில் கிட்டத்தட்ட பாதி. கிரெடிட் கார்டில் போட்டுவிட்டு மெதுவாகக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாதம் மூன்றரை சதவீதம் என்பது காதுக்குச் சின்னதாகத் தெரியும், ஆண்டுக்கு 42 சதவீதம் அது.

ஆர்டியை இப்போது எடுக்கவே முடியாது. தபால் அலுவலக ஐந்தாண்டு ஆர்டியை மூன்று ஆண்டு முடியும் முன் மூட வழியில்லை. மூன்று ஆண்டுக்குப் பிறகு மூடினாலும் சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான் கொடுப்பார்கள். பன்னிரண்டு தவணை கட்டிவிட்டீர்கள் என்பதால், கட்டிய 30,000-ல் பாதி வரை கடன் கிடைக்கும். ஆர்டி வட்டியோடு 2 சதவீதம் சேர்த்துப் பிடிப்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக் கட்டணம் என்று வந்தால் நல்ல வழி அது. அப்படி ஒரு நாளுக்காக அதை விட்டுவையுங்கள்.

டூர் சீட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. சீட்டு நடத்துபவர் 1982-ம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். அவருக்கான கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பதிவு இல்லையென்றால் நாளை பணம் நின்றுபோனால் நியாயம் கேட்க இடம் இருக்காது. நம் வேலூர், ராணிப்பேட்டை, ஆரணிப் பக்கம் நம்பிக்கையின் பேரில் பணத்தைக் கொடுத்துவிட்டு அலைந்த குடும்பங்களை நான் தினம் பார்க்கிறேன். இரண்டு மாதச் சேமிப்பில் முடிகிற காரியத்துக்குச் சீட்டு எதற்கு?

சரி, எப்படிப் போவது?

மாமல்லபுரத்தில் பார்க்க வேண்டியதற்கான செலவு எவ்வளவு தெரியுமா? கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் தொல்லியல் துறையின் கையில் இருக்கின்றன. ஒரு நாளைக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், நம் நாட்டினருக்கு 40 ரூபாய். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட் இல்லை. ஆக உங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து 120 ரூபாய். அர்ஜுனன் தபசு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே, சாலையோரம் இருக்கிறது. அதைப் பார்க்கக் காசு இல்லை. கடலுக்கும் காசு இல்லை. அப்படியானால் அந்த 40,000 எங்கே போகிறது? காருக்கும் ரிசார்ட்டுக்கும் ரிசார்ட் சாப்பாட்டுக்கும். நீங்கள் மாற்ற வேண்டியது அந்த மூன்றைத்தான்.

காருக்குப் பதில் பேருந்து. உங்கள் ஊர் முத்துக்கடையில் காலை ஆறு மணிக்கு ஏறினால் காஞ்சிபுரத்தில் இறங்கி, கைலாசநாதர் கோயிலை வெயில் ஏறும் முன் பார்த்துவிடலாம். இந்த நிறுத்தத்தைத் தவறவிடாதீர்கள். கைலாசநாதரைக் கட்டிய ராஜசிம்மப் பல்லவன்தான் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் கட்டியவன். காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று என்று ஒரே ராஜாவின் இரண்டு கோயில்களையும் காட்டினால், உங்கள் மகள் வயதுப் பிள்ளை அதை மறக்காது. சிற்பத்தை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். கைலாசநாதரில் தூண்களைத் தாங்கி நிற்கும் சிங்கங்களை எண்ணச் சொன்னால் சின்னவனும் அலுக்காமல் வருவான். பிறகு செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். அரசுப் பேருந்தில் 12 வயது வரை அரை டிக்கெட், உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் பொருந்தும். பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து வழியில் கிடைத்தால் உங்களுக்கும் மாமியாருக்கும் அதுவும் மிச்சம். வெளியூர்ப் பேருந்துகளில் அந்தச் சலுகை கிடையாது, அதனால் கணக்கில் சேர்க்காதீர்கள். போக வர பேருந்துக்கு 1,200 ஒதுக்கினால் தாராளம்.

அடுத்தது நாள். அரையாண்டு விடுமுறை வேண்டாம். டிசம்பர் கடைசியில் மாமல்லபுரத்தில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். காலாண்டு விடுமுறையில், பெரிய மழை தொடங்கும் முன், ஒரு ஞாயிறு காலை கிளம்பி திங்கள் இரவு வீடு திரும்புங்கள். ஏன் ஞாயிறு என்றால், மாமல்லபுரம் சென்னைக்காரர்களின் வார இறுதி ஊர். சனி இரவு அறைக்குப் போட்டி இருக்கும். ஞாயிறு சாயங்காலம் அவர்களெல்லாம் கார் ஏறிவிடுவார்கள். சனிக்கிழமை இறங்கி வராத லாட்ஜ்காரர் ஞாயிறு இரவுக்குப் பேசினால் இறங்கி வருவார். கணவருக்கு ஒரே ஒரு நாள் லீவு போதும், பள்ளியும் கெடாது. ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தியை ஒட்டித் தொடர் விடுமுறை வந்தால் மட்டும் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

அறைக்கு 2,500. ஒத்தவாடைத் தெருவிலும் அதைச் சுற்றியும் லாட்ஜுகள் இருக்கின்றன, கடல் நடக்கும் தூரம். முன்கூட்டியே போன் செய்து, “ஐந்து பேர், அதில் இரண்டு பிள்ளைகள், ஒரே அறை, கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு, வரி சேர்த்து மொத்தம் எவ்வளவு?” என்று ஒரே மூச்சில் கேளுங்கள். மாமியாருக்காகத் தரைத்தளம் கேளுங்கள். கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் அறைக்குள் உட்கார்ந்து கடலைப் பார்க்கப் போவதில்லை.

இனி சாப்பாடு. பயணத்தில் கணக்கு தப்புவது பெரும்பாலும் இங்கேதான், என் அனுபவத்தையே சொல்கிறேன். சில வருடம் முன்பு நாங்கள் நாலு பேர் கடலைப் பார்த்த மாதிரி ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். தட்டில் ஐஸ் போட்டு மீன்களை அடுக்கிக் கொண்டுவந்து காட்டினார்கள். என் பையன் ஒரு வஞ்சிரத்தைத் தொட்டான், சரி என்றேன். எடை எவ்வளவு, விலை எவ்வளவு என்று கேட்கத் தோன்றவில்லை. பில் 2,900 ரூபாய். அவர்கள் ஏமாற்றவில்லை, நான்தான் கேட்கவில்லை. அன்றிலிருந்து மீனைப் பொரிக்க எடுத்துப்போகும் முன், “இந்த மீன் பொரித்துத் தட்டில் வரும்போது எவ்வளவு?” என்று கேட்காமல் விடுவதில்லை.

நீங்களும் அப்படியே கேளுங்கள். வஞ்சிரம், வவ்வால், இறால் மூன்றும் விலை ஏறியவை. கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி கேளுங்கள். அன்று பிடித்த நெத்திலியை மிளகாய்த்தூளும் உப்பும் மட்டும் பிரட்டி மொறுமொறுவென்று பொரித்துச் சுடச்சுட வைத்தால், பிள்ளைகள் முள்ளோடு சேர்த்துச் சாப்பிடுவார்கள். நம் ஊர் மார்க்கெட்டுக்கு ஐஸில் வரும் மீனுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் மீன் வரத்து குறைந்து விலை ஏறும். கோடை விடுமுறையில் கடற்கரைக்குப் போகிறவர்கள் மீனுக்கு அதிகம் கொடுப்பது இதனால்தான். காலாண்டு விடுமுறையில் இந்தத் தொல்லை இல்லை.

உட்காருவதற்கு ஒத்தவாடைத் தெரு வேண்டாம். அங்கே விலைப்பட்டியல் வெளிநாட்டுப் பயணிகளை மனத்தில் வைத்துப் போட்டது. பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு வாருங்கள். டிரைவர்களும் சிற்பக் கூடத் தொழிலாளர்களும் சாப்பிடும் மெஸ்களில் மதியம் மீன் குழம்போடு சாப்பாடு கிடைக்கும். வாசலில் இலைக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்தாலே எந்தக் கடை நல்ல கடை என்று தெரியும். சின்ன ஓட்டலில் பில்லைப் பாருங்கள். ஜிஎஸ்டி கம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் சின்னக் கடைக்காரர்கள், தனியாக வரி வாங்கக் கூடாது. பெரிய ஓட்டலில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று போட்டிருந்தால் அது கட்டாயமில்லை, எடுத்துவிடச் சொல்லலாம்.

ஞாயிறு காலைக்கு வீட்டிலிருந்தே மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கட்டிக்கொள்ளுங்கள். மதியத்துக்குப் புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும். அதைச் செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்தில் ஒரு மர நிழலிலோ சாப்பிடலாம். மாலையில் மணலில் சுண்டல், பஜ்ஜி. இரவு டிபன், மறுநாள் காலை டிபன், மதியம் மீன் சாப்பாடு. இவ்வளவுக்கும் 3,200 வைத்தால் பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டால் முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

டிக்கெட்டுக்கும் ஆட்டோவுக்கும் 1,400. மாமியாரால் வெயிலில் ஐந்து ரதம் வரை நடக்க முடியாது, அங்கே ஆட்டோவில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள். ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் ஒரே நாளில் பார்த்தால்தான் ஒரு டிக்கெட்டில் முடியும் என்பதால், திங்கள் காலையை இரண்டுக்கும் வைத்துக்கொண்டு ஞாயிறு மாலையைக் கடலுக்கும் அர்ஜுனன் தபசுக்கும் கொடுங்கள். சென்னை போகும் சாலையில் உள்ள முதலைப் பண்ணை திங்களன்று விடுமுறை, பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மாமல்லபுரத்துக் கடலில் இழுவை அதிகம். கணுக்கால் அளவு தண்ணீருக்கு மேல் யாரையும் விடாதீர்கள்.

எதிர்பாராத செலவுக்குக் கையிருப்பு 1,200. எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். உங்களிடம் 7,000 இருக்கிறது. இரண்டு மாதம் 2,000 வீதம் ஒதுக்கினால் 11,000. பயணம் போக 1,500 கையில் நிற்கும். அந்த இரண்டு மாதமும் மிச்சமாகும் 1,000 ரூபாயை வழக்கம்போல் வங்கியில் போடுங்கள்.

புதுச்சேரியை இந்த முறை விட்டுவிடுங்கள். இரண்டு ஊரை இரண்டு நாளில் திணித்தால் பாதி நேரம் பேருந்தில் போகும், இன்னொரு இரவு அறை வாடகையும் சேரும். அடுத்த வருடம் காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் போகும் ரயிலில் ஏறி, அங்கிருந்து பேருந்தில் போகலாம். கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், பிள்ளைகள் பயமில்லாமல் ஓடலாம். ஆசிரமமும் மணக்குள விநாயகரும் பக்கத்திலேயே. அதற்கு இப்போதிருந்தே மாதம் 800 தனியாகப் போட்டு வந்தாலே போதும்.

கடைசியாக, கிளம்பும் மாதத்தில் ஆர்டி தவணை 1,500-ஐப் பயணத்துக்கு முன்பே கட்டிவிடுங்கள். தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் அபராதம் பிடிப்பார்கள். தொகை சின்னதுதான், ஆனால் 20 மாதமாக விடாமல் கட்டிய கணக்கு அது. லாட்ஜுக்கு போன் செய்யும் அன்றே அதையும் முடித்துவிட்டால் மறக்காது.