லினக்ஸ் கேள்வி-பதில்: அப்கிரேடு பாதியில் நின்றுவிட்டதா?

கேள்வி: லேப்டாப்பில் உபுண்டு வைத்திருக்கிறேன். அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. இப்போது எதை நிறுவப் போனாலும் ‘டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்’ என்று ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து இன்ஸ்டால் செய்வதுதான் வழியா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரு பேக்கேஜ் (ஒரு மென்பொருளின் கோப்புகள் அடங்கிய பொதி) இரண்டு கட்டமாக உள்ளே போகிறது. முதலில் கோப்புகள் பிரித்து வைக்கப்படும், பிறகு கான்ஃபிகர், அதாவது ஓடத் தயாராக அமைப்பது, நடக்கும். எந்தப் பேக்கேஜ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை டிபிகேஜி (பேக்கேஜ்களை நிறுவும் அடிப்படைக் கருவி) அவ்வப்போது குறித்து வைத்துக்கொண்டே போவதால், நடுவில் மெஷின் அணைந்தாலும் விட்ட இடம் அதற்குத் தெரியும். உங்களுக்கு வந்த அந்த வரியை முழுதாகப் படித்துப் பாருங்கள், மருந்தும் அதிலேயே இருக்கிறது: ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’. (இங்கே தமிழில் அச்சிட்டிருக்கிறோம், டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.) அது முடிந்ததும் ‘சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’. (ஆப்ட் என்பது பேக்கேஜ்களை இறக்கி, டிபிகேஜியை வேலை வாங்கும் கருவி.) பெரும்பாலும் இந்த இரண்டோடு வேலை முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால்தான் கொஞ்சம் பொறுமை தேவை. நம்மில் பலர் திரையின் கடைசி வரியை மட்டும் காப்பி எடுத்துத் தேடுகிறோம். ‘சப்-பிராசஸ் டிபிகேஜி ரிட்டர்ன்ட் அன் எரர் கோட் (1)’ என்ற அந்த வரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை, எது உடைந்தாலும் அதுவேதான் வரும். மேலே போய் முதன்முதலாக ‘எரர்’ வந்த இடத்தைப் பிடியுங்கள், அங்கே பேக்கேஜின் பெயர் இருக்கும். திரையில் ஓடிப் போய்விட்டதா, /வார்/லாக்/ஆப்ட் என்ற டைரக்டரியில் டெர்ம்.லாக் கோப்பில் அத்தனையும் பதிவாகி இருக்கும். பல நேரம் பேக்கேஜில் குறையே இருக்காது: அதன் சர்வீஸை (பின்னணியில் ஓடும் புரோகிராமை) தொடங்க முடியாமல் போயிருக்கும், காரணம் நீங்கள் எப்போதோ கான்ஃபிக் கோப்பில் செய்த எழுத்துப்பிழை, அல்லது அதே நெட்வொர்க் போர்ட்டை வேறொரு புரோகிராம் பிடித்து வைத்திருப்பது. ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்று அடித்து அந்த சர்வீஸின் பெயரைக் கொடுத்தால் விஷயம் வெளியே வரும். அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி டிபிகேஜியை ஓட்டுங்கள்.

கேள்வி: டிஸ்கில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது, ஆனால் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) அப்டேட்டில் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்கிறது. பொய் சொல்கிறதா?

பதில்: பொய் இல்லை, நீங்கள் பார்க்கிற இடம் வேறு, அது நிரம்பியிருக்கிற இடம் வேறு. ‘டிஎஃப் -எச்’ அடித்து /போட் (கெர்னல்கள் இருக்கும் டைரக்டரி) வரியைப் பாருங்கள். டிஸ்கை என்கிரிப்ட் செய்து நிறுவியிருந்தால் /போட் தனிப் பார்ட்டிஷனாக, சின்னதாக இருக்கும். ஒவ்வொரு கெர்னலும் அங்கே ஒரு இனிட்ஆர்டி கோப்பை (பூட் ஆகும் ஆரம்பத்தில் தேவைப்படுகிற கோப்பு) வைக்கிறது, அதுதான் இடத்தைச் சாப்பிடுகிறது. ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்’ போட்டால் பழைய கெர்னல்கள் போய்விடும். ஆனால் /போட் முழுசாக நிரம்பிவிட்ட பிறகு ஆப்ட்டே மாட்டிக்கொள்ளும், பாதியில் நிற்கிற புதுக் கெர்னலை முடிக்காமல் பழையதை எடுக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அப்போது முதலில் ‘யூநேம் -ஆர்’ அடித்து இப்போது ஓடுகிற கெர்னல் எது என்று தெரிந்துகொண்டு, அதைத் தொடாமல், வேறொரு பழைய கெர்னலின் இனிட்ஆர்டியை மட்டும் ஹோம் டைரக்டரிக்கு நகர்த்துங்கள். கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்ததும் டிபிகேஜி கான்ஃபிகர், அப்புறம் ஆட்டோரிமூவ். ஆர்எம் (கோப்பை அழிக்கும் கட்டளை) போட்டு /போட்டைக் கையால் சுத்தம் செய்யாதீர்கள். பேக்கேஜ் கணக்கில் கெர்னல் இருக்கும், டிஸ்கில் இருக்காது, அடுத்த பூட்டில் கிரப் (கெர்னலை ஏற்றித் தொடங்கும் புரோகிராம்) அதைத் தேடும்.

/போட்டில் இடம் இருந்தும் இதே எரர் வந்தால் ‘டிஎஃப் -ஐ’ பாருங்கள். ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவிடம்) தீர்ந்திருக்கலாம், சேர்ந்துபோன பழைய கெர்னல் ஹெட்டர்கள் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளாக இதைச் செய்யும்.

கேள்வி: ‘குட் நாட் கெட் லாக்’ என்று வருகிறது. லாக் கோப்பை அழித்துவிடச் சொல்கிறார் நண்பர். அழிக்கலாமா?

பதில்: கூடாது. அந்தக் கோப்பு எப்போதுமே அங்கே இருக்கும், அது இருப்பதல்ல பூட்டு. ஓடிக்கொண்டிருக்கிற ஒரு புரோகிராம் அதைத் திறந்து பிடித்திருப்பதுதான் பூட்டு, அதைக் கெர்னல் கவனித்துக்கொள்கிறது. கோப்பை அழித்தால் புதிதாக ஒன்று உருவாகி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் டேட்டாபேஸில் கை வைக்கும் நிலை வரும். யார் பிடித்திருக்கிறார்கள் என்பது, பிராசஸ் எண்ணோடு, அநேகமாக அந்த மெசேஜிலேயே இருக்கும். வழக்கமான ஆள் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ், தானாகப் பாதுகாப்பு அப்டேட் போடுகிறவர். அவர் வேலை முடியும்வரை காத்திருங்கள். வெகுநேரம் அசையவில்லை என்றால் நான் மேலே சொன்ன டெர்ம்.லாக்கைப் பாருங்கள், ஏதோ ஒரு கேள்விக்கு ‘ஒய்’ (ஆம்) அல்லது ‘என்’ (இல்லை) என்ற பதில் கிடைக்காமல் நிற்கலாம்.

கேள்வி: சில பேக்கேஜ்கள் ‘கெப்ட் பேக்’ என்று தள்ளியே வைக்கப்படுகின்றன. ஏன்?

பதில்: ‘ஆப்ட் அப்கிரேட்’ எந்தப் பேக்கேஜையும் நீக்காது. நீக்கினால்தான் ஏற முடியும் என்கிற பேக்கேஜை ஓரமாக வைத்துவிடும். உபுண்டு 21.04 முதல் இன்னொரு காரணமும் உண்டு: சில அப்டேட்டுகள் எல்லோருக்கும் ஒரே நாளில் போகாது, சிறுகச் சிறுக விடுவார்கள். அப்படி இருந்தால் சும்மா விடுங்கள், தானாக வரும். ‘ஃபுல்-அப்கிரேட்’ போடுவதானால் நீக்கப்படும் பட்டியலைப் படித்த பிறகே ஒய் அழுத்துங்கள். டெஸ்க்டாப்பின் பெயரே அதில் தெரிந்தால் ‘என்’ அழுத்துங்கள்.

கேள்வி: டெபியன் 11-லிருந்து நேராக 13-க்குத் தாவலாமா?

பதில்: தாவக் கூடாது, டெபியன் அதை ஆதரிப்பதில்லை. முதலில் 12, அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு 13. தொடங்குமுன் வெளி ரெப்போக்களை (டெபியனுடையதல்லாத பேக்கேஜ் களஞ்சியங்களை) நிறுத்திவிடுங்கள், ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ போட்டு எந்தப் பேக்கேஜையாவது அப்கிரேடு ஆகாமல் பிடித்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 12-ல் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) எல்லாம் ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்ற தனிப் பகுதிக்குப் போய்விட்டது, ஆப்ட் பேக்கேஜ்களை எங்கிருந்து எடுக்கிறது என்று சொல்லும் சோர்சஸ்.லிஸ்டில் அந்தப் பெயரைச் சேர்க்காவிட்டால் வைஃபை ஃபர்ம்வேர் பழைய பதிப்பிலேயே தங்கிவிடும். எஸ்எஸ்எச் வழியாக, அதாவது தொலைவிலிருந்து இணைந்து, செய்வதானால் டிமக்ஸ் (டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் புரோகிராம்) உள்ளே செய்யுங்கள், இணைப்பு அறுந்தாலும் அப்கிரேடு ஓடிக்கொண்டிருக்கும்.

நடுவில், நீங்கள் மாற்றிய கான்ஃபிக் கோப்பை வைத்துக்கொள்வதா புதியதை எடுப்பதா என்று கேட்கும். டி அழுத்தினால் வித்தியாசத்தைக் காட்டும். வெறுமனே என்டர் தட்டினால் உங்கள் கோப்பே நிற்கும், புதியது பக்கத்தில் .டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு இருக்கும், சாவகாசமாக ஒப்பிட்டுக்கொள்ளலாம்.