டெல்லிக் கோடையில் தோழிகளோடு ஊர் சுற்றுவது எப்படி?

கேள்வி: நாங்கள் நான்கு தோழிகள். மதுரை, கடலூர், சென்னைப் பக்கத்துப் பெண்கள். ஓல்ட் ராஜேந்திர நகரில் அறை எடுத்துத் தங்கி ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்காவது போய்வருவோம். குளிர்காலம் முழுக்க அருமையாகப் போனது. மே முதல் வாரம் குதுப் மினார் போனோம். பதினொன்றரை மணிவாக்கில் ஒருத்திக்குத் தலை சுற்றி, கண் இருட்டி, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வியர்க்கக்கூட இல்லை. வெயிலிலேயே வளர்ந்த எங்களுக்கு ஏன் இப்படி? மழை வரும்வரை மால்தான் கதியா?

பதில்: மாலுக்குள் அடைந்துகிடக்க வேண்டாம். டெல்லியில் மே மாதமும் வெளியே போகலாம், ரசித்துச் சுற்றலாம். ஆனால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் நேரத்தை மாற்றியாக வேண்டும். இருபத்தைந்து வருடமாக இந்த ஊரில் பொதுமருத்துவம் பார்க்கிறேன். ஞாயிறு காலைகளில் நண்பர்களோடு நடக்கவும் செய்கிறேன். இரண்டிலும் தெரிந்துகொண்டதைச் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அந்தத் தோழி. அவளுக்கு வியர்க்கவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் நன்றாகவே வியர்த்திருக்கும், உங்கள் கண்ணுக்குத்தான் தெரிந்திருக்காது. சென்னையில் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. வியர்வை காயாமல் வழியும், துணி முதுகோடு ஒட்டும், உடனே தண்ணீர் தேடுவோம். டெல்லியின் மே மாதக் காற்று வறண்டது. மேற்கிலிருந்து அடிக்கும் அனல்காற்றை இங்கே ‘லூ’ என்பார்கள். அதில் வியர்வை தோலுக்கு வந்த வேகத்தில் காய்ந்துவிடும். உடம்பு மணிக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று இழந்துகொண்டிருக்கும், துணியோ மொறுமொறுவென்று காய்ந்தே இருக்கும். அடுத்த முறை கறுப்பு குர்தா போட்டுப் போனால், பை வார் அழுத்திய இடத்தைப் பாருங்கள். வெள்ளையாக, கோலமாவுக் கோடு போல ஒன்று படிந்திருக்கும். அது உப்பு. உங்கள் உடம்பிலிருந்து போன உப்பு.

இன்னொரு காரணமும் இருக்கலாம். அன்று காலையிலிருந்து அவள் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாள் என்று கேட்டுப் பாருங்கள். வெளியே கழிவறை கிடைக்காது, கிடைத்தாலும் சுத்தமாக இருக்காது என்று பயந்து, கிளம்பும்போதே தண்ணீரைக் குறைத்துவிடும் பெண்களை வருடாவருடம் பார்க்கிறேன். கேட்டால் சொல்லக் கூச்சப்படுவார்கள். இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்: போகும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே கழிவறை எங்கே இருக்கிறது என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கவலை தீர்ந்தாலே நான்கு பேரும் ஒழுங்காகத் தண்ணீர் குடிப்பீர்கள்.

வெயிலில் வளர்ந்தது இப்போது கைகொடுக்காது என்பதும் உண்மைதான். உடம்பு வெயிலுக்குப் பழகுவது பத்துப் பதினான்கு நாள் சமாசாரம். ரத்தத்தில் நீரளவு கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். சில வாரம் வெயில் படாமல் இருந்தால் அந்தப் பழக்கம் போய்விடும். நீங்கள் ஒரு குளிர்காலம் முழுக்க இங்கே இருந்துவிட்டு, இப்போது ஏசி போட்ட படிப்பகத்தில் நாளைக் கழிக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். அதனால் வாரநாட்களில் மாலை ஆறரைக்கு மேல் அரை மணி நேரம் வெளியே நடங்கள். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

சரி, நேரத்துக்கு வருவோம். டெல்லியில் மே கடைசியில் சூரியன் ஐந்தரைக்கு முன்பே வந்துவிடும். இருபத்துநான்கு மணி நேரத்தில் குளிர்ச்சியான பொழுது அதுதான். மாலையில் போகலாமே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பகல் முழுக்க வெயில் குடித்த சாலையும் கல்லும் சுவரும் இருட்டிய பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். மாலையில் போவதென்றால் புல்தரையும் மரமும் உள்ள இடமாகப் பார்த்து, ஏழரைக்கு மேல் போங்கள். கல் கட்டடங்களை விடியற்காலைக்கு ஒதுக்குங்கள். வானிலைத் துறை சொல்லும் 43 டிகிரி நிழலில் அளந்தது என்பதையும் மறக்காதீர்கள். வெட்டவெளியில் நிற்கும் உங்கள் தலைக்கு அதற்கு மேல் சுடும்.

எனக்குப் பிடித்த ஞாயிறு லோதி கார்டனில் தொடங்குவது. 1936இல் லேடி வில்லிங்டன் பார்க் என்ற பெயரில் திறந்தார்கள். தொண்ணூறு ஏக்கர். சையித், லோதி அரசர்களின் கல்லறைகள் புல்வெளி நடுவே நிற்கின்றன. அனுமதி இலவசம், கழிவறையும் உண்டு. ஐந்தே முக்காலுக்கு அங்கே இருந்தால் முகமது ஷா கல்லறையின் எண்கோண மண்டபத்தில் வெயில் சாய்வாக விழுவதைப் பார்க்கலாம். ஏழு மணிவரை நடந்துவிட்டு, ஏதாவது ஒரு வேப்பமரத்தடியில் விரிப்பைப் போட்டு உட்காருங்கள். அப்புறம் பக்கத்திலேயே இருக்கும் அம்ரிதா ஷேர்கில் மார்க் பக்கம் கட்டாயம் போக வேண்டும். நம்மூர்ச் சரக்கொன்றையை இங்கே ‘அமல்தாஸ்’ என்பார்கள். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் அந்தத் தெருவில் வரிசையாகப் பூத்துத் தொங்கும். காற்றடித்தால் மஞ்சள் இதழ்கள் தார்ச்சாலையில் உருண்டு ஓடும். குளிர்காலத்தில் வந்து போகிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது. வெயில் கூடக் கூடப் பூக்கிற மரம் அது.

இன்னொரு ஞாயிறு, ஹுமாயூன் கல்லறையும் அதை ஒட்டிய சுந்தர் நர்சரி என்ற பூங்காவும். கல்லறையை முதலில் பார்த்துவிடுங்கள். அதன் உயர்ந்த கல் மேடை ஒன்பது மணிக்கே சுட ஆரம்பித்துவிடும். நர்சரியில் மரநிழல் தாராளம். குதுப் மினாரையும் விட்டுவிட வேண்டாம், காலையில் திறந்ததும் போய் ஒன்பதுக்குள் திரும்பிவிடுங்கள்.

எங்கே போனாலும் ஒன்பதரைக்குள் கூரைக்கடியில் இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இட்லி, காபி முடித்து, ஜன்பத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் உச்சிவெயில் அங்கேயே கழிந்துவிடும். சோழர் கால நடராசர் செப்புத்திருமேனி அங்கே இருக்கிறது. ஊர் ஞாபகம் வந்தால் அவர் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். திங்கட்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். போக்குவரத்தில் ஒரு சிக்கல் உண்டு: ஞாயிறன்று மெட்ரோ சில தடங்களில் தாமதமாகத்தான் தொடங்கும். முந்தின இரவே பார்த்துவைத்துக்கொண்டு, இல்லையென்றால் போகும்போது மட்டும் நான்கு பேருமாகச் சேர்ந்து ஒரு டாக்ஸி பிடியுங்கள்.

தண்ணீர் விஷயம். நடக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், தாகம் எடுக்காவிட்டாலும். ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினால் உப்பும் வேண்டும். இதற்கு நீர்மோரை மிஞ்சியது எதுவும் எனக்குத் தெரியாது. முந்தின இரவே தயிரைக் கடைந்து, மூன்று பங்கு தண்ணீர் விட்டு, உப்பும் பெருங்காயமும் இஞ்சியும் சேர்த்து, பிளாஸ்கில் ஐஸ்கட்டியோடு ஊற்றிக்கொள்ளுங்கள். கறிவேப்பிலையைக் கசக்கிப் போட மறக்காதீர்கள். டெல்லிக்காரர்களின் ஆம் பன்னாவும் அதே அளவுக்கு நல்லது, மாங்காயை வேகவைத்து உப்பும் சீரகமும் சேர்த்துக் கரைப்பது. தெருவண்டியில் ஷிகஞ்சி என்ற எலுமிச்சைப் பானம் குடித்தால் ஐஸ் போடாமல் கேளுங்கள். வண்டிகளில் உடைத்துப் போடும் பாளம் பல சமயம் குடிநீரில் செய்தது இல்லை. வெட்டிவைத்த பழமும் வேண்டாம். ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு பையில் இருக்கட்டும். மருந்துக்கடையில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்டதையே வாங்கி, ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பழச்சுவையோடு டப்பாவில் விற்கும் இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடாகாது.

வறண்ட காற்றில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. உங்கள் அறையில் ஏர்கூலர் ஓடுகிறதென்றால் அது எப்படிக் குளிர்விக்கிறது என்று தெரிந்திருக்கும்: ஈரப்புல் வழியாகக் காற்று போகிறது, நீர் ஆவியாகிறது, காற்று குளிர்கிறது. அதையே நம் உடம்பில் செய்யலாம். பருத்தித் துப்பட்டாவை நனைத்துப் பிழிந்து தலையிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளுங்கள். சென்னையில் இது வெறும் ஈரத்துணி, டெல்லியில் நிஜமாகவே குளிரும். ஆட்டோவில் போகும்போது இது மிகவும் முக்கியம். காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போது, முகத்தில் அடிக்கிற காற்று நம்மைச் சுடவைக்கத்தான் செய்யும்.

மறுபடி யாருக்காவது தலை சுற்றினால், நிழலுக்கு அழைத்துப் போய்ப் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, மெல்ல ஓஆர்எஸ் கொடுங்கள். அரை மணியில் தேறவேண்டும். ஆனால் அவள் குழறிப் பேசினால், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தால், நினைவு தப்பினால், அது வெப்பத்தாக்கு. வியர்த்தாலும் வியர்க்காவிட்டாலும் அதுதான். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 112ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காமல், கையிலிருக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். அந்த முதல் சில நிமிடக் குளிர்விப்பு உயிரைக் காக்கும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது என்றால், அந்த வாரம் அவளை வற்புறுத்தாதீர்கள். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகள் சில வியர்வையைக் குறைக்கும், அதையும் கவனியுங்கள்.

வெயிலைத் தவிர இரண்டு ஆபத்துகள். மாலையில் மேற்கு வானம் பழுப்பாக மாறினால் ‘ஆந்தி’ என்ற புழுதிப்புயல் வருகிறது. சில நிமிடத்தில் வந்துவிடும், கிளைகள் முறியும். மரத்தடியை விட்டு ஏதாவது கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மற்றது, ஆரவல்லிப் பக்கம் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் தேங்கிய நீலத் தண்ணீர். படத்தில் அழகாக இருக்கும், கூட்டமாகக் குளிக்கக் கூப்பிடுவார்கள். ஓரத்திலேயே சட்டென்று ஆழம் விழும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளே அங்கே மூழ்கியிருக்கிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள்.

ஜூன் கடைசி வாரவாக்கில் பருவமழை எட்டிப் பார்க்கும்போது நம்மூர்ப் புழுக்கம் இங்கேயும் வந்துவிடும். அப்போது ஈரத்துப்பட்டா வேலை செய்யாது, நடையைப் பாதியாகக் குறையுங்கள். ஆனால் அந்த நாட்களில் கர்த்தவ்ய பாத் ஓரம் நிற்கும் நாவல் மரங்களில் பழம் கனியும். உலுக்கிப் பொறுக்கி, உப்பு தூவி, இலைத் தொன்னையில் விற்பார்கள். விடியற்காலையில் போனால் மரத்தடியிலேயே வாங்கலாம். வெள்ளைக் குர்தா மட்டும் அன்றைக்கு வேண்டாம்.